சம்பந்தியின் காரில் செம்புக் கம்பி

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.

மதிப்பும் பாசமும் ஒருங்கே உரிய சம்பந்தி வேணுகோபால் அவர்களுக்கும் சம்பந்தியம்மாவுக்கும், உங்கள் மருமகள் கீர்த்தியின் அப்பா ராஜவேலு கைகூப்பி எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரி ஏலவார்குழலியும் எங்கள் தறிகள் இரண்டும் காமாட்சியம்மன் தயவில் குறையில்லாமல் இருக்கிறோம். மஸ்கட்டில் நீங்கள் இருவரும், பிள்ளை பெற்ற மகள் சங்கரியும், அவள் வீட்டுக்காரரும், புதிதாக வந்திருக்கும் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குழந்தைக்கு உங்கள் மூக்கு என்று போட்டோவைப் பார்த்து ஏலவார்குழலி சொன்னாள். எனக்கு மூக்கே தெரியவில்லை, அவ்வளவு துணி சுற்றி வைத்திருக்கிறீர்கள். அந்த ஊரில் அவ்வளவு குளிரா என்பதைத் தெரியப்படுத்தவும். நான் பாலைவனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

காரும் சௌக்கியம். இந்த ஒரு வரியோடு கடிதத்தை முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் ஏலவார்குழலி பக்கத்தில் நின்றுகொண்டு, நடந்ததை நடந்தபடி எழுதாவிட்டால் தானே போனில் சொல்லிவிடுவதாகச் சொல்லியிருக்கிறாள். நானே போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீங்கள் நடுவில் கேள்வி கேட்பீர்கள், நான் வரிசை மாறிப் புகையை முதலில் சொல்லிவிடுவேன். கடிதத்தில் அந்த வசதி உங்களுக்குக் கிடையாது. தபாலில் போட்டால் நீங்கள் ஊர் திரும்பிய பிறகுதான் வந்து சேரும் என்பதால் கீர்த்தி இதைப் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்புவாள். பக்கங்கள் முன்பின்னாக வந்தால் மேலே போட்டிருக்கும் எண்ணைப் பார்த்துப் படிக்கவும். முக்கியமாக ஐந்தாம் பக்கத்தை முதலில் படித்துவிட வேண்டாம்.

ஆரணியில் உங்கள் தெருவைப் பாதாளச் சாக்கடைக்காகத் தோண்டிப் போட்டிருந்ததால், காரை எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில் தகரக் கொட்டகைக்குள் விட்டுவிட்டு விமானம் ஏறினீர்கள் அல்லவா. சும்மா நின்றால் பேட்டரி இறங்கிவிடும், வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை ஓட்டுங்கள் என்று சொன்னீர்கள். அதன்படி ஓட்டினேன். ஓட்டும்போது நீங்கள் செருகி வைத்திருந்த பென்டிரைவிலிருந்து நாதஸ்வரம் வந்தது. வலது பக்க ஸ்பீக்கரில் நாதஸ்வரம் நாதஸ்வரமாகவே இருந்தது. இடது பக்கத்தில் மட்டும் தவில் அடிக்கும்போதெல்லாம் அப்பளம் நொறுங்கியது. எனக்கு இது பெரிய யோசனையாகப் போய்விட்டது. நாதஸ்வரம் என்றால் சாப்பாட்டைக்கூட மறந்து உட்கார்ந்திருக்கிற மனிதர் நீங்கள். கீர்த்தி கல்யாணத்தில் தாலி கட்டியாகிவிட்டது என்று உங்களைத் தட்டிச் சொன்னது நான்தான். அப்படிப்பட்டவர் தினமும் ஒரு பக்கம் அப்பளத்தைக் கேட்டுக்கொண்டு போகிறாரே என்று மனசு கேட்கவில்லை. வருகிற ஐப்பசியில் உங்களுக்கு அறுபது நிறைகிறது. ஆளாளுக்குச் சால்வை போர்த்துவார்கள். நாம் ஏன் இந்தக் காருக்கு நல்ல ஸ்பீக்கரும், அதற்கு முன்னால் ஒரு ஆம்ப்ளிபயரும் வைத்துக் கொடுக்கக் கூடாது என்று தோன்றியது. யாரிடமும் கேட்காமல் செய்ய நினைத்தேன். கேட்டால் அது ஆச்சரியமாக இருக்காது. கேட்காததால் இப்போது போதுமான அளவுக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

காந்தி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் காருக்குப் பாட்டு வைத்துக் கொடுக்கும் சிவராஜ் என்பவரின் கடைக்குப் போனேன். ஸ்பீக்கர் தேர்ந்தெடுத்தோம், ஆம்ப்ளிபயர் தேர்ந்தெடுத்தோம், எல்லாம் சுமுகமாகப் போனது. கடைசியில் அவர், ஒயர் எது போடலாம் என்று கேட்டார். ஒயரில் வகை என்று ஒன்று இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். பேட்டரியிலிருந்து ஆம்ப்ளிபயருக்கு மின்சாரம் கொண்டுபோக விரல் தடிமனில் ஒரு செம்புக் கம்பி வேண்டுமாம். இரண்டு சுருள்களை மேசையில் வைத்தார். இரண்டும் சிவப்பு. இரண்டின் நுனியையும் சீவி வைத்திருந்தார், இரண்டும் புதுக் குடம் மாதிரி பளபளத்தன. ஒன்றின் விலை இன்னொன்றில் பாதி. என்ன வித்தியாசம் என்று கேட்டேன். அவர் காதில் போனை இடுக்கியபடி, அது ஒரு கம்பெனி, இது ஒரு கம்பெனி என்றார். நான் இரண்டையும் விரலால் பிடித்துப் பார்த்தேன். விலை குறைந்ததுதான் குண்டாக இருந்தது. குண்டாகவும் இருக்கிறது, மலிவாகவும் இருக்கிறது, இதை விட்டுவிட்டு ஒல்லியானதை ஏன் கூடுதல் விலைக்கு வாங்குகிறார்கள் என்று உலகத்தின் மேல் எனக்குப் பரிதாபம் வந்தது. குண்டானதையே வாங்கினேன்.

எவ்வளவு நீளம் என்று கேட்டார். அதையெல்லாம் முன்கூட்டியே பார்த்து வைத்திருந்தேன். பேட்டரியிலிருந்து பின்சீட்டு வரை ஒரு நூலைப் பிடித்து நேராக அளந்திருந்தேன். சிவராஜ் இன்னும் ஒரு மீட்டர் சேர்த்து வாங்கச் சொன்னார். நான் பிறந்ததிலிருந்து தறிக்குப் பாவு நூல் அளக்கிறவன், எனக்கே அளவு சொல்கிறாரே என்று சிரித்துக்கொண்டேன். ஆனால் தறியில் பாவு நேராக ஓடும். காருக்குள் கம்பி இன்ஜினைச் சுற்றி, துவாரத்தில் நுழைந்து, கதவோரமாக வளைந்து, சீட்டுக்கு அடியில் படுத்துப் போக வேண்டும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கடையில் கம்பி பூட்டுகிறவர் தாவீது. எந்நேரமும் எதையாவது முணுமுணுத்துப் பாடிக்கொண்டு வேலை செய்கிற நல்ல மனிதர். அவர் சீட்டைக் கழற்றி, கார்பெட்டைத் தூக்கி, கம்பியை இழுத்துக்கொண்டு போனால் ஆம்ப்ளிபயருக்கு ஒரு முழம் முன்னால் கம்பி தீர்ந்துவிட்டது. பாட்டு நின்றது. அவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். பியூஸ் வைக்கிற டப்பியோடு ஒரு முழக் கம்பி சேர்ந்தே வந்திருந்தது. பேட்டரிக்குப் பக்கத்தில் வைக்க வேண்டிய அந்த டப்பியை அவர் பின்னால் கொண்டுபோய், பற்றாத இடத்தில் ஒட்டுப் போட்டுவிட்டார். பியூஸ் எந்தப் பக்கம் இருந்தால் என்ன, அது காரில் இருக்கிறதல்லவா என்று நானும் திருப்திப்பட்டேன். பாட்டைக் கொண்டுபோகிற மெல்லிய ஒயரையும் அதே வழியில் இதோடு சேர்த்துப் படுக்க வைத்தார். துணைக்கு ஆள் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

முதலில் வண்டியை நிறுத்தி வைத்தே கேட்டோம். சம்பந்தி, எப்படிச் சொல்வது, நாதஸ்வரக்காரர் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தார். பிறகு இன்ஜினை ஸ்டார்ட் செய்தேன். அவரோடு இன்னொருவரும் ஏறிக்கொண்டார். ஙீ என்று ஒரே சுரத்தில் மெல்லிய குரல். கியரை மாற்றினால் குரல் மாறியது. ஏலவார்குழலி முன்சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச தூரம் கேட்டுக்கொண்டு வந்தாள்.

“நீங்க மிதிச்சா அது கத்துது, உட்டா அடங்குது. உள்ள யாரோ உக்காந்துக்கினு ஆலாபனை பண்றாங்க” என்றாள்.

இதை அவள் குறையாகச் சொல்லவில்லை. அவளுக்குப் பிடித்திருந்தது. எனக்கும் கோபத்தைவிட, இது எங்கிருந்து வருகிறது என்கிற ஆவல்தான் அதிகம். எந்த வேகத்தில் அந்தக் குரல் நாதஸ்வரத்தின் சுருதியோடு சேர்கிறது என்று தேடிப் பார்த்தேன். இரண்டாம் கியரில், மாட்டுவண்டியைவிடச் சற்று வேகமாகப் போனால் அச்சாகச் சேர்கிறது. ராஜவீதி முழுக்க அந்த வேகத்திலேயே போனோம். பின்னால் வந்தவர்களுக்கு சுருதி ஞானம் இல்லை, ஹாரன் அடித்தார்கள். இருட்டியதும் இன்னொன்று கண்டுபிடித்தேன். தவிலில் பலமாக ஒரு அடி விழுந்தால் ஹெட்லைட் மங்கிப் பிரகாசிக்கிறது. தாவீதிடம் கேட்டதற்கு, டிஸ்கோ மாதிரி நன்றாகத்தானே இருக்கிறது என்றார். மின்சாரம் வழியில் எங்கேயோ களைத்துப்போகிறது என்பது வரைக்கும் எனக்குப் புரிந்தது. ஏன் களைக்கிறது என்பது புரியவில்லை. அதைப் பற்றித் தறியில் உட்கார்ந்து யோசித்ததில் புடவையில் ஒரு புட்டாப் பூவைத் தலைகீழாகப் போட்டுவிட்டுப் பிரித்தேன்.

இனி வருவதை உட்கார்ந்து படிக்கவும். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஐயம்பேட்டையில் என் சித்தப்பா வீட்டில் ஒரு நிச்சயதார்த்தம். எங்கள் மாப்பிள்ளை உதயகுமாருக்குக் கம்பெனியில் லீவு இல்லாததால் கீர்த்தி மட்டும் சென்னையிலிருந்து வந்திருந்தாள். நானும் ஏலவார்குழலியும் முன்னால், அவள் பின்னால், தாம்பாளத் தட்டு அவள் மடியில். புது ஸ்பீக்கரின் பெருமையை மகளுக்குக் காட்ட வேண்டாமா, சத்தத்தைக் கூட்டியே வைத்திருந்தேன். ஊரைத் தாண்டி ஏனாத்தூருக்குத் திரும்புகிற பக்கம் போகும்போது, காலடியில் சூடாக இருக்கிறது என்று கீர்த்தி சொன்னாள். வெயில் காலம், தார் ரோடு, சூடாகத்தான் இருக்கும் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் குரல் மாறியது.

“அப்பா, செருப்பு கார்பெட்ல ஒட்டிக்கிச்சு. வண்டிய நிறுத்துப்பா.”

நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன். கதவோரமாகப் புகை எழுந்துகொண்டிருந்தது. சாவியைப் பிடுங்கினேன். பாட்டு நின்றது, புகை நிற்கவில்லை. சம்பந்தி, சாவியைப் பிடுங்கிய பிறகும் ஒரு வண்டி எரிந்துகொண்டிருந்தால் அடுத்ததாக எதைப் பிடுங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. கதவைத் திறந்து கீர்த்தியைக் கையைப் பிடித்து இழுத்தேன். செருப்பு உள்ளேயே இருந்துவிட்டது, தாம்பாளம் ரோட்டில் உருண்டது. ஏலவார்குழலி அவளை வேலிப் பக்கம் கூட்டிக்கொண்டு போய்ப் பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சிவந்திருந்தது, அவ்வளவுதான். நான் பானெட்டைத் திறந்து பேட்டரியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நட்டு கையால் கழலவில்லை. அப்போது உங்கள் கார் எனக்கு ஞாபகம் வரவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். மன்னிக்கவும். கீர்த்தி உட்கார்ந்திருந்த இடம் மட்டும்தான் கண்ணில் நின்றது.

அந்த வழியாக வந்த ஷேர் ஆட்டோ ஒன்று நின்றது. டிரைவர் ராமராஜன் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஸ்பேனரை எடுத்து வந்து பேட்டரியின் ஒரு முனையைக் கழற்றிவிட்டார். புகை மெதுவாக அடங்கியது.

“சாவி எடுத்தா நிக்காது சார். இது நேரா பேட்டரிலேந்து வருது. பியூஸ பின்னாடி கொண்டும்போய் வச்சிக்கினா முன்னாடி எரியறது அதுக்கு எப்பிடித் தெரியும்? பேஜாரு வேலை” என்றார்.

அவர் ஆட்டோவில் இருந்த அத்தனை பேரும் இறங்கி வந்து காரைச் சுற்றி நின்று கருத்துச் சொன்னார்கள். ஒருவர் ரேடியேட்டர் என்றார். ஒருவர் எலி என்றார். கூடை வைத்திருந்த ஒரு அம்மா, வண்டிக்கு எலுமிச்சம்பழம் வைத்தீர்களா என்று என்னைக் கேட்டார். கார்பெட்டில் டிபன் தட்டு அளவுக்கு ஒரு ஓட்டை. இதுதான் நான் சொன்ன ஐந்தாம் பக்கம். வண்டியைப் பூட்டிவிட்டு அதே ஷேர் ஆட்டோவில் ஐயம்பேட்டை போனோம். கீர்த்தி வெறுங்காலோடு நிச்சயதார்த்தத்துக்கு வந்தாள். வேண்டுதலா என்று கேட்டவர்களுக்கு ஆமாம் என்று சொல்லிவிட்டாள். மாமனாரான உங்களிடம் அவளே பேசிவிடுவதாகவும் சொன்னாள். வேண்டாம், கெடுத்தவன் நான், எழுதுகிறவனும் நானாக இருக்கட்டும் என்றேன்.

மறுநாள் வண்டியைக் கொட்டகைக்கு இழுத்து வந்து, உட்கார்ந்து அந்தக் கம்பியை முழுசாக உருவி வெளியே எடுத்தேன். கதவுக்குக் கீழே இருக்கும் தகட்டின் திருகாணி ஒன்று அதைக் கடித்திருந்தது. ஏற்கனவே சூடேறி இளகியிருந்த ரப்பர் அந்த இடத்தில் விட்டுக்கொடுத்து, கம்பி வண்டி இரும்பில் பட்டிருக்கிறது. மிச்சம் இருந்த நல்ல பாகத்தைச் சீவிப் பார்த்தேன். ரப்பர் வாழைப்பழத் தோல் தடிமனுக்கு இருந்தது. உள்ளே கம்பி சுண்டு விரலில் பாதிகூட இல்லை. குண்டாக இருந்ததெல்லாம் போர்வை. ஒரு இழையைப் பிரித்துக் கத்தியால் சுரண்டினேன். செம்பு நிறம் மாவு மாதிரி உதிர்ந்து, உள்ளே வெள்ளை வெளேரென்று அலுமினியம். திரும்பச் சுரண்டினேன், திரும்பவும் வெள்ளை. ஏலவார்குழலி வந்து இழையை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். 

“எத்தினி பேரு ஜரிகையைக் கொண்டாந்து அசலா போலியான்னு உங்க கிட்ட ஒரசிக் காட்டிக்கினு போறாங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த இழையை எடுத்துக்கொண்டு சண்டை போடத்தான் சிவராஜ் கடைக்குப் போனேன். வழியெல்லாம் வசனம் தயார் செய்துகொண்டு போனேன். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுருளின் ஓரத்தைப் படித்தார். எறும்பு சைஸ் எழுத்தில் சிசிஏ என்று இருந்தது. மேலே செம்பு பூசிய அலுமினியம் என்று அதற்கு அர்த்தமாம். அவர் முகம் வாடிவிட்டது. மொத்த வியாபாரி கொடுத்ததை அடுக்கி வைத்தேன் சார், இதுவரைக்கும் நான் சுரண்டிப் பார்த்ததே இல்லை என்றார். அதோடு அந்தச் சுருளைத் தூக்கி உள்ளே போட்டுவிட்டார். நான் வசனத்தை ஆரம்பிக்கப் போனேன். ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு. அலுமினியத்துக்கு மேலே செம்பை எப்படி இவ்வளவு மெல்லிசாக ஒட்ட வைக்கிறார்கள் என்று கேட்டுவிட்டேன். அவருக்கும் தெரியவில்லை. அவர் போனிலேயே தேடினோம். ஒரு அலுமினியக் கழியைச் செம்புத் தகட்டால் சுற்றி, சின்னச் சின்ன துவாரங்கள் வழியாக இழுக்கிறார்கள். இழுக்க இழுக்க இரண்டும் ஒன்றாகவே மெலிந்துகொண்டு போகின்றன, ஒன்றை ஒன்று விடுவதில்லை. சம்பந்தி, அதைப் பார்த்ததும் எனக்குக் கோபமே போய்விட்டது. என்ன அழகான வேலை. காருக்கு வேண்டாம், ஆனால் பார்க்க வேண்டும். இரண்டு பேரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு திரும்பத் திரும்பப் பார்த்ததில், ஹாரன் மாற்ற வந்த ஒருவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். இந்தக் கம்பியும் மோசம் என்று சொல்ல முடியாது என்று படித்தோம். அலுமினியம் மின்சாரத்தைக் குறைவாகத்தான் கடத்தும், அதனால் இன்னும் தடிமனாக எடுத்து, அதற்குத் தக்கபடி பியூஸ் வைத்தால் அதுவும் வேலை செய்யும். நான் எடுத்தது தடிமனான ரப்பர்.

இந்தத் தடவை கையில் கத்தியோடு தேர்ந்தெடுத்தேன். சிவராஜ் ஒவ்வொரு சுருளாக எடுத்து வைக்க, ஒவ்வொன்றிலும் ஒரு இழையைச் சுரண்டினேன். ஒரு சுருள் வெளியிலேயே வெள்ளையாக இருந்தது. ஏமாற்றுகிறவன் இவ்வளவு வெளிப்படையாகவா ஏமாற்றுவான் என்று சுரண்டினால், உள்ளே சிவப்புச் செம்பு. கறுத்துப் போகாமல் இருக்க மேலே வெள்ளீயம் பூசுவார்களாம். வெளியே செம்பு, உள்ளே வெள்ளை. வெளியே வெள்ளை, உள்ளே செம்பு. எனக்குத் தலை சுற்றி ஒரு டீ குடிக்க வேண்டியதாயிற்று. இன்னொன்று ஆக்சிஜன் இல்லாத செம்பு என்றார். செம்புக்குள் ஆக்சிஜன் எதற்குப் போகிறது, யார் விட்டது என்று கேட்டேன். அது எனக்கும் தெரியாது, ஆனால் அப்படி அச்சடித்திருந்தால் விலை கூட என்றார். நேர்மையான பதில். அங்கிருந்தே மாப்பிள்ளை உதயகுமாருக்குப் போன் செய்து, பொது அறிவுக்காகக் கேட்கிறேன் என்று ஆரம்பித்தேன். செம்பை உருக்கும்போது காற்றும் கொஞ்சம் கலந்துவிடும், அது குறைந்தால் கம்பிக்கு நல்லது, ஆனால் ஒரு காரின் நீளத்துக்கு அந்த வித்தியாசத்தை எந்தக் காதும் கண்டுபிடிக்காது என்றார். எவ்வளவு மின்சாரம் போகிறது, எவ்வளவு தூரம் போகிறது, அதற்கு உள்ளே உலோகம் எவ்வளவு தடிமன், இதைத்தான் பார்க்க வேண்டுமாம். இவ்வளவும் சொல்லிவிட்டு, அப்பா காருக்கா மாமா கேட்கிறீர்கள் என்றார். சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

எந்தக் காதும் கண்டுபிடிக்காது என்று அவர் சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆம்ப்ளிபயரிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் ஒயரிலும் மலிவு, உசத்தி என்று இரண்டு உண்டு. இரண்டையும் சிவராஜிடம் இரவல் வாங்கி வந்து, ஏலவார்குழலியைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்துவிட்டு மாற்றி மாற்றிப் போட்டேன். முதலில் மலிவு, பிறகு உசத்தி. இரண்டாவதுதான் தெளிவு என்றாள். எனக்கு ஒரே பெருமை. பிறகு உசத்தி முதலில், மலிவு பிறகு. அப்போதும் இரண்டாவதுதான் தெளிவு என்றாள். கடைசியில் ஒயரையே தொடாமல், மாற்றிவிட்டேன் என்று பொய் சொல்லிப் போட்டேன். இது எல்லாவற்றையும்விட நன்றாக இருக்கிறது, இதையே வாங்குங்கள் என்றாள். அவளை எழுப்பிவிட்டு நான் உட்கார்ந்தேன். எனக்கும் இரண்டாவதுதான் தெளிவாகக் கேட்டது. கடைசியாகக் கேட்டதையே காது நம்புகிறது போலிருக்கிறது. இது ஒயருக்கு மட்டுமா, வீட்டுச் சண்டைக்கும் பொருந்துமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஸ்பீக்கருக்கு மலிவான ஒயரே போதும் என்று முடிவு செய்து, மிச்சப்பட்ட பணத்தையெல்லாம் பேட்டரிக் கம்பியில் போட்டேன். கட்டை விரல் தடிமனில் அசல் செம்பு. நீளம் எவ்வளவு என்று சிவராஜ் கேட்டபோது, நீங்களே சொல்லுங்கள் என்றேன்.

தாவீது மறுபடி சீட்டைக் கழற்றினார். பியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தது. கம்பி வழியெல்லாம் உறை போட்டு, திருகாணி இருக்கும் பக்கமே போகாமல் போனது. வண்டி உடம்போடு சேரும் கறுப்புக் கம்பியும் அதே தடிமன். அது சேரும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி இரும்பு தெரிய வைத்தோம். சீட்டுக்கு அடியில்தான், வெளியே தெரியாது. பாட்டு போகும் ஒயரை இந்தப் பக்கம் வேண்டாம் என்று எதிர்ப் பக்கமாகக் கொண்டுபோனார், கூடப் படுத்தால் இன்ஜினின் சத்தம் அதில் ஏறிவிடுமாம். இன்ஜினை ஸ்டார்ட் செய்தேன். ஙீ இல்லை. மிதித்தேன், இல்லை. ஹெட்லைட் அசையவில்லை. ஏலவார்குழலி காதைக் கூர்மையாக்கிக்கொண்டு கொஞ்ச தூரம் வந்தாள்.

“அந்த ஆலாபனை பண்ணவன எங்க அனுப்பிட்டீங்க? பாவம்” என்றாள்.

சாயங்காலம் சின்ன காஞ்சிபுரம் வரைக்கும் போய், வரதராஜப் பெருமாள் கோவில் மதிலோரம் நிறுத்திக் கேட்டோம். நாதஸ்வரக்காரர் தோடியை நீட்டி முடித்துவிட்டு மூச்சை உள்ளே இழுக்கிறார் அல்லவா, அந்த மூச்சு கேட்டது. இத்தனை நாளாக அந்தப் பாட்டில் ஒரு மனிதர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது உங்களுக்கும் தெரிந்திருக்காது. ஏலவார்குழலி திரும்பிப் பின்சீட்டைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். நீங்கள் அதைக் கேட்கிறபோது உங்கள் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான் இத்தனை பாடும் என்று அப்போது தோன்றியது.

கார்பெட் மாற்றியாகிவிட்டது. நிறம் ஒரு சாயல் வேறு. கண்ணை இடுக்கிப் பார்த்தால்தான் தெரியும், தயவுசெய்து இடுக்க வேண்டாம். மற்றபடி கார் நீங்கள் விட்டுச் சென்றதைவிட நல்ல நிலைமையில் உங்கள் வரவுக்காகக் காத்திருக்கிறது. என் அவசரத்தைப் பெரிய மனசோடு பொறுத்துக்கொள்ள வேண்டும். கீர்த்தியின் கால் முழுசாகச் சரியாகிவிட்டது. பேத்திக்கு ஏகாம்பரநாதரின் துணையும், நீண்ட ஆயுசும், யாருடைய மூக்காக இருந்தாலும் குறையாத அழகும் கிடைக்கட்டும். சங்கரிக்கு எங்கள் ஆசீர்வாதம். சம்பந்தியம்மாவுக்கு ஏலவார்குழலியின் விசாரிப்பைச் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் உறவை என்றும் விரும்பும்
ராஜவேலு

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தபோது மாப்பிள்ளை போன் செய்தார். நீங்கள் இந்தக் காரை விற்கப் பேசி முடித்துவிட்டீர்களாம். ஊர் திரும்பியதும், தயாரிக்கும்போதே பாட்டு வைத்து வருகிற புதுக் கார் எடுக்கப் போகிறீர்களாம். இதை என்னிடம் சொல்லும்படி நீங்கள் சொன்னதை அவர் மறந்துவிட்டாராம். வாங்குகிறவர் திருப்பருத்திக்குன்றத்து விவசாயி ஆதிநாதன், இன்றைக்கே வந்துகொண்டிருக்கிறாராம். சொல்லி முடிப்பதற்குள் அவர் வாசலுக்கு வந்துவிட்டார். எதையும் மறைக்கக் கூடாது என்று ஏலவார்குழலி சொன்னதால், அவருக்கு ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையான மனிதர், ஆக்சிஜன் உட்பட முழுசாகக் கேட்டார். பானெட்டைத் திறந்து புதுக் கம்பியை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு, ஒருதரம் புகைந்த வண்டியில் எங்கள் வீட்டில் ஏற மாட்டார்கள், கார் வேண்டாம், மன்னிக்கவும், ஆனால் இந்தக் கம்பி எனக்கு வேண்டும் என்றார். அவருடைய டிராக்டர் காலையில் ஸ்டார்ட் ஆகாமல் முனகுகிறதாம், பேட்டரிக்கு இந்த மாதிரி ஒன்றைத்தான் தேடிக்கொண்டிருந்தாராம். உங்கள் வியாபாரத்தைக் கெடுத்தவன் அவர் கேட்டதை எப்படி மறுப்பது, கழற்றிக் கொடுத்துவிட்டேன். ஆக, கார் விற்கவில்லை. அதில் ஸ்பீக்கர் இருக்கிறது, ஆம்ப்ளிபயர் இருக்கிறது, சத்தம் மட்டும் வராது. கம்பியைப் பூட்டியதும் ஆதிநாதன் கூப்பிட்டார், நேரில் போய்ப் பார்த்தேன். டிராக்டர் தொட்டதும் கிளம்புகிறது. அணைத்துவிட்டு இன்னொரு தடவை ஸ்டார்ட் செய்யச் சொல்லிக் கேட்டேன். நீங்கள் வந்ததும் ஒரு நாள் சேர்ந்து போய் அந்தச் சத்தத்தைக் கேட்கலாம்.